32-வது வினாடி: அலுவலக எக்ஸ்சேஞ்சை நானே அமைத்துப் பட்ட பாடு

எங்கள் அலுவலகத்தில் 18 பேர். என் வேலை கணக்கு பார்ப்பது. ஆனால் பிரின்டர் நின்றாலும் வைஃபை போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அலுவலகப் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைத்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல் சுவரில் தொங்கிய எக்ஸ்சேஞ்ச் பெட்டி ஒரு நாள் காலையில் செத்துக் கிடந்தது. அதைப் பழுது பார்க்க உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். இணையவழி எக்ஸ்சேஞ்ச் (பிபிஎக்ஸ் என்பார்கள்) போட்டுவிடலாம், மென்பொருளுக்குக் காசு கிடையாது, ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடுகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். முடிக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் போன பணம், எங்கள் அலுவலகத்தின் ஏறக்குறைய ஒரு வருடத் தொலைபேசிக் கட்டணம். என்னைப் போல வாயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தேர்ந்தெடுத்தது ஆஸ்டரிஸ்க். 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்பவர், தன் சிறு நிறுவனத்துக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணமில்லாமல் தானே எழுதிக்கொண்ட மென்பொருள் அது. அந்தக் கதையைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. அவர் எழுதியே முடித்திருக்கிறார், நமக்கு நிறுவத் தெரியாதா என்ற நினைப்பு. முதல் நாள் மாலையே 101 என்ற எக்ஸ்டென்ஷனிலிருந்து (அலுவலகத்துக்குள் ஒரு போனுக்குக் கொடுக்கும் எண்) 102-க்கு அடித்தேன், மணி அடித்தது, பேச்சும் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை வெளி லைனை இணைத்தோம். தொலைபேசி சேவை நிறுவனம் கொடுத்த ட்ரங்க், அதாவது வெளி அழைப்புகள் வந்து போகும் இணைப்பு, உடனே பதிவானது, அழைப்பும் போனது. ஆனால் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு புதுப் போன்கள் வாங்கினேன். அவற்றிலும் அதே கதை. ஆஸ்டரிஸ்க் ஓடும் கணினியை, அதாவது சர்வரை, அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவினேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ஒன்பது நாள் இப்படியே போனது.

இந்த ஒன்பது நாளும் எனக்குத் தெரியாமல் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். இணையத் தொலைபேசியில் அழைப்பை ஏற்பாடு செய்வது ஒரு வழி, குரல் போவது வேறு வழி. மணி அடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் எஸ்ஐபி என்ற நெறிமுறையில் பெரும்பாலும் 5060 என்ற போர்ட்டில் (செய்திகள் வந்து போகும் எண்ணிட்ட வாசல்) நடக்கும். குரல் ஆர்டிபி என்ற தனி ஓடையில் வேறு போர்ட்டுகளில் ஓடும். ஆஸ்டரிஸ்க் தானாக எடுத்துக்கொள்வது 10000 முதல் 20000 வரை. மணி அடிக்கிறது என்பதால் குரலும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை எஸ்ஐபி செய்திக்கு உள்ளேயே எழுதி அனுப்புவார்கள். என் சர்வர் அங்கே 192.168 என்று தொடங்கும் தன் உள் முகவரியை எழுதிக்கொண்டிருந்தது. உறையின் மேல் முகவரி சரியாக இருக்கிறது, உள்ளே ‘பதிலை மாடியில் இடது பக்க அறைக்கு அனுப்பவும்’ என்று எழுதியிருக்கிறது. தபால்காரர் எந்த ஊரில் எந்த வீட்டு மாடியைத் தேடுவார்? சர்வரிடம் உன் வெளி முகவரி இது, உள் வலையமைப்பு இது என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் ஒன்பது நாள் தலைவலி ஒரு நிமிடத்தில் தீர்ந்தது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது எஸ்என்கிரெப் என்ற சின்னக் கருவி. சர்வருக்குள் வந்து போகும் எஸ்ஐபி செய்திகளை இரண்டு பக்கமும் அம்பு போட்டு ஏணிப் படிபோலக் காட்டும். முதல் நாளே இதைத் திறந்திருந்தால் இரண்டு போன்களை வாங்கியிருக்க மாட்டேன். எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் ஒரு அழைப்பையாவது இதில் பார்த்துவிடுங்கள். பாராமல் மாற்றிய ஒவ்வொன்றும் பிற்பாடு எனக்கு வேறு ரூபத்தில் திரும்பி வந்தது. அதில் ஒன்றை இங்கேயே சொல்லி வைக்கிறேன். அந்த ஒன்பது நாள் குழப்பத்தில், போர்ட் அடைத்திருப்பதால்தான் குரல் வரவில்லையோ என்று ரூட்டரில் 5060-ஐ உலகத்துக்கே திறந்துவிட்டேன். பலனில்லை. ஆனால் மூட மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் புதுப் பிரச்சினை. வெளியே போகும் அழைப்புகள் சரியாக இருக்கின்றன, உள்ளே வருபவை மட்டும் பாதியில் அறுகின்றன. வரவேற்பில் இருக்கும் தங்கை நாளுக்குப் பத்துத் தடவை ‘அண்ணா, மறுபடியும் போயிடுச்சு’ என்பாள். இணைய இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்று நான் முடிவு கட்டி, சேவை நிறுவனத்தோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் அவளே ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு நேரத்தில் அறுந்தது என்று கைப்பேசிக் கடிகாரத்தை வைத்துக் குறித்திருந்தாள். 32, 32, 33, 32. ‘எல்லாமே அரை நிமிஷத்துலதான் போகுது, கவனிச்சீங்களா?’ என்றாள். நான் கவனிக்கவே இல்லை.

இணைப்பு தரம் குறைந்தால் அழைப்பு இஷ்டத்துக்கு அறும். எப்போதும் ஒரே நேரத்தில் அறுந்தால், எங்கோ ஒரு கடிகாரம் ஓடி முடிகிறது என்று பொருள். எஸ்ஐபியில் அழைப்பை எடுத்ததும் நம் பக்கத்திலிருந்து ‘எடுத்துவிட்டேன்’ என்று 200 என்ற எண்ணோடு ஒரு செய்தி போகும். அதற்கு மறுமுனை ‘சரி, தெரிந்தது’ என்று ஏசிகே என்ற பதிலை அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் நம் சர்வர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். தொடக்கக் காத்திருப்பு அரை வினாடி, அதைப்போல 64 மடங்கு, ஆக 32 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு அழைப்பை வைத்துவிடும். 2002-இல் எழுதப்பட்ட எஸ்ஐபி விதியிலேயே இருக்கிற கணக்கு இது. குரல் தனி வழி என்பதால் அந்த 32 வினாடியும் இரண்டு பேரும் எதுவும் தெரியாமல் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். எஸ்என்கிரெப்பைத் திறந்தால் ஒரே 200 செய்தி பத்துத் தடவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அம்புகூட வரவில்லை.

காரணம், ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ஒரு வசதி. எஸ்ஐபி செய்திகளுக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தி உதவுவதாக அதற்கு நினைப்பு. என் சர்வர் இப்போது சரியான வெளி முகவரியை எழுதி அனுப்ப, ரூட்டர் அதற்கு மேல் தன் பங்குக்குப் போர்ட் எண்ணை மாற்றிவிட்டது. ஏசிகே அந்தத் தப்பான போர்ட்டைத் தேடிப் போய்த் தொலைந்தது. வசதியை அணைத்தேன், 32 வினாடிப் பிரச்சினை அன்றோடு போனது. சில ரூட்டர்களில் இது அமைப்புப் பக்கத்தின் அடியாழத்தில் வேறு பெயரில் ஒளிந்திருக்கும், நன்றாகத் தேடுங்கள். எனக்கு ஒரு முறை ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தபோது அது தானாகவே மறுபடி உயிர்த்துக்கொண்டது. அன்றைக்கு மட்டும் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன், ஏனென்றால் தங்கை உள்ளே வரும்போதே ‘32’ என்றுதான் சொன்னாள்.

இனி பணம் போன கதை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. சோதித்துப் பார்க்க நான் முதல் நாள் உருவாக்கிய எக்ஸ்டென்ஷன் 100. அதன் கடவுச்சொல்லும் 100. இரண்டு நாளில் அழித்துவிடலாம் என்று விட்டது அப்படியே கிடந்தது. திறந்த 5060-உம் அப்படியே கிடந்தது. மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை காலை சேவை நிறுவனத்திலிருந்து அழைத்து, ‘உங்கள் எண்ணிலிருந்து வார இறுதி முழுக்க வெளிநாட்டு அழைப்புகள் போயிருக்கின்றனவே, தெரியுமா?’ என்று கேட்டார்கள். சனி நள்ளிரவுக்கு மேல் தொடங்கி ஒரே நேரத்தில் நான்கைந்து அழைப்புகள், நான் கேள்வியே படாத நாடுகளுக்கு, விடிய விடிய. ஞாயிறும் அப்படியே. கட்டணத்தைக் கூட்டினால் எங்கள் பதினோரு மாதத் தொகை. எக்ஸ்டென்ஷன் 100 வழியாகத்தான் எல்லாம்.

இதைச் செய்கிறவர்களுக்கு யாரோடும் பேச வேண்டிய அவசியம் இல்லை. அழைப்புக் கட்டணத்தில் பங்கு கிடைக்கும் எண்களை வைத்திருப்பார்கள், அடுத்தவன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த எண்களுக்கு அடிக்க வைத்துப் பங்கை வாங்கிக்கொள்வார்கள். திறந்த 5060 எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் இணையத்தைத் துழாவுகின்றன. என் சர்வரின் லாகில் (நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடு) ‘ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்’ என்று தன் பெயரையே சொல்லிக்கொண்டு ஒன்று வந்திருந்தது. 100, 101, 102 என்று வரிசையாகத் தட்டும், கடவுச்சொல்லாக அதே எண்ணைப் போட்டுப் பார்க்கும். என் வீட்டில் முதல் தட்டிலேயே கதவு திறந்துவிட்டது. வார இறுதி இரவைத் தேர்ந்தெடுப்பது, திங்கள் வரை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்.

முதலாளியிடம் போய்ச் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். திட்டவில்லை. ‘இனிமே நடக்காம இருக்க என்ன செய்யணும்?’ என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். நாங்கள் கெஞ்சியதில் சேவை நிறுவனம் கால் பங்கைத் தள்ளுபடி செய்தது, மீதியைக் கட்டினோம். நீங்கள் தொடங்கும் முதல் நாளே செய்ய வேண்டியது, சேவை நிறுவனத்திடம் சொல்லி வெளிநாட்டு அழைப்பை அவர்கள் பக்கத்திலேயே அடைப்பது. தேவையென்றால் தேவைப்படும் நாடுகளை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று கட்டணத்துக்கும், ஒரே நேரத்தில் இத்தனைதான் என்று அழைப்புகளுக்கும் வரம்பு வைக்கச் சொல்லுங்கள். முன்பணம் கட்டிப் பேசும் கணக்காக இருந்தால் நஷ்டம் அந்த முன்பணத்தோடு நிற்கும். உங்கள் சர்வரை யார் உடைத்தாலும் இந்தப் பூட்டு அவர்கள் கைக்கு எட்டாது. அதற்குப் பிறகுதான் நீளமான கடவுச்சொல், தப்பாகத் தட்டுகிறவர்களைத் தானாகவே தடை செய்யும் ஃபெயில்டுபேன் எல்லாம். சோதனை எக்ஸ்டென்ஷனை அன்று மாலையே அழித்துவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் அது அழியாது.

திறந்திருந்த போர்ட்டை அன்றைக்கே மூடினேன். நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அப்போது தொடங்கியதுதான் இருப்பதிலேயே என்னை அதிகம் அலைக்கழித்தது.

வாடிக்கையாளர் ஒருவர் நேரில் வந்தபோது, ‘நேத்து மூணு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கலையே’ என்றார். எங்கள் பக்கம் மணியே அடிக்கவில்லை, லாகிலும் எதுவும் இல்லை. அவர் போன பிறகு சோதித்தேன்: அலுவலகப் போனிலிருந்து என் கைப்பேசிக்கு அடித்தேன், கைப்பேசியிலிருந்து அலுவலகத்துக்கு அடித்தேன். இரண்டும் போயின. அவர் தப்பான எண்ணுக்கு அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் சோதித்தேன், ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. எத்தனை அழைப்புகள் தவறிப் போயின என்று எண்ணவே வழியில்லை. பணம் போனாலாவது கட்டணச் சீட்டில் ஒரு எண் இருக்கும். (தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற ஆல்மன் ஸ்ட்ரோஜர் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழிலில் இருந்தவர். ஆபரேட்டர் தன் அழைப்புகளைப் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். வராத அழைப்பு ஒரு மனிதனை எந்த அளவுக்குப் படுத்தும் என்பது எனக்கு அந்த வாரம் புரிந்தது.)

இதோடு ஒட்டி இன்னொன்று. மாலை நேரத்தில் முதலாளி நீண்ட நேரம் பேசினால் நடுவில் எதிர்க்குரல் அடங்கிவிடும். அழைப்பு அறுந்ததாகவும் காட்டாது, அவர் பாட்டுக்கு ‘ஹலோ, ஹலோ’ என்று கொண்டிருப்பார். இந்த முறை நான் படித்த பாடத்தை மறக்கவில்லை, நேரத்தைக் குறித்தேன். 15 நிமிடம் 32 வினாடி. இரண்டாம் முறையும் அதேதான். அந்த 32-ஐப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் வெளியே ஒரு செய்தி அனுப்பினால், பதில் வருவதற்கு ரூட்டர் ஒரு சின்ன ஓட்டையைத் திறந்து வைக்கும். கொஞ்ச நேரம் போக்குவரத்தே இல்லையென்றால் மூடிவிடும். எங்கள் ரூட்டரில் அந்த நேரம் ஒரு நிமிடம்தான். என் சர்வரோ ட்ரங்கில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் தன் பதிவைப் (நான் இங்கே இருக்கிறேன் என்று சேவை நிறுவனத்துக்குச் சொல்வது) புதுப்பித்துக்கொண்டிருந்தது. இடைப்பட்ட 59 நிமிடமும் வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு வழியே கிடையாது. அலுவலகம் பரபரப்பாக இருக்கும் நேரத்தில் யாராவது வெளியே அடித்துக்கொண்டே இருப்பார்கள், ஓட்டை திறந்தே இருக்கும். ஓய்ந்த நேரத்தில் மூடிவிடும். நான் சோதிக்கும்போது முதலில் அலுவலகத்திலிருந்து கைப்பேசிக்கு அடித்தேன் இல்லையா, அதுவே ஓட்டையைத் திறந்துவிட்டது! பிறகு வெளியிலிருந்து அடித்தால் வராமல் என்ன செய்யும்? 15 நிமிடக் கணக்கும் இதுதான். நீண்ட அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சேவை நிறுவனத்தின் கருவி நடுவில் விசாரிக்கும். எங்கள் அழைப்புகளில் கெடு 1800 வினாடி, அதில் பாதியான 900-இல் விசாரணை. அந்த விசாரணை மூடிய ஓட்டையில் முட்டி நின்றது, 32 வினாடி பார்த்துவிட்டு அவர்கள் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டோம் என்று சொன்ன செய்தியும் உள்ளே வர வழியில்லை, அதனால்தான் எங்கள் பக்கம் வெறும் நிசப்தம்.

முன்பு இது ஏன் தெரியவில்லை? 5060 ஊருக்கே திறந்து கிடந்ததால். என்னுடைய ஒரு தப்பு இன்னொரு தப்பை அதுவரை மூடி வைத்திருந்தது. தீர்வு சின்னதுதான்: ட்ரங்க் உயிரோடு இருக்கிறதா என்று 30 வினாடிக்கு ஒரு தடவை சர்வர் கேட்கும்படி வைத்தேன், ஓட்டை மூடவே நேரம் கிடைக்கவில்லை. சேவை நிறுவனத்தின் முகவரிகளுக்கு மட்டும் 5060-ஐத் திறந்து வைப்பதும் ஒரு வழி. நீங்கள் சோதிப்பதாக இருந்தால், அலுவலகத்தில் எல்லாரும் போனைத் தொடாமல் பத்து நிமிடம் கழிந்த பிறகு வெளியிலிருந்து அடித்துப் பாருங்கள்.

மற்றவை சில்லறை. வங்கிக்கு அழைத்து எண்ணை அழுத்தினால் அந்தப் பக்கம் ஏற்கவில்லை என்றால், அழுத்தும் ஒலியை அனுப்பும் முறை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். குரலோடு கலந்து அனுப்பினால் ஜி.729 போல குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக் என்ற முறைகள் அந்த ஒலியைச் சிதைத்துவிடும், தனிச் செய்தியாக அனுப்புவதே நல்லது. தினமும் மாலை நான்கு மணிக்குக் குரல் கரகரத்தது ஒரு வாரம். நாங்கள் வைத்திருந்த ஜி.711 என்ற கோடெக்கில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் வினாடிக்கு 64 கிலோபிட், தலைப்புகளையும் (குரலின் ஒவ்வொரு துண்டோடும் ஒட்டிப் போகும் முகவரி விவரம்) சேர்த்தால் 90-க்குள்தான். பத்து அழைப்பு போனாலும் ஒரு மெகாபிட் ஆகாது. பிறகு எப்படி நெரிசல் என்று பார்த்தால், கணக்குக் கோப்புகளின் நகலை நான்கு மணிக்கு இணையத்தில் ஏற்றும்படி நானே வைத்திருந்தேன். அதை நள்ளிரவுக்கு மாற்றினேன், ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமையும் கொடுத்தேன். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு ரூட்டரையும் சுவிட்சையும் மறந்துவிடாதீர்கள். மின்சாரம் போன அன்று சர்வர் மட்டும் தனியாக விழித்துக்கொண்டிருந்தது.

ஃபயர்வால் லாகை இப்போதும் வாரம் ஒரு தடவை பார்க்கிறேன். 5060-ஐ யாராவது தட்டாத நாள் ஒன்றுகூட இல்லை. வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த 32, 32, 33, 32 தாள் இன்னும் இருக்கிறது. அதன் கீழே தங்கை புதிதாக இரண்டு வரி எழுதியிருக்கிறாள்: அறுந்தால் நேரம் குறி. அண்ணாவிடம் அப்புறம் சொல்.